பிரிண்டர் மக்கர் பண்ணுதா? அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணிடாதீங்க!



நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லி இந்த மாதக் கணினிப் பாடத்தை ஆரம்பிக்கிறோம்.

பதினோரு குழுக்களுக்கு வங்கி இணைப்புக் கடன் விண்ணப்பம். வெள்ளிக்கிழமைக்குள் வங்கியில் கொடுத்தாக வேண்டும். தீர்மான நகல், உறுப்பினர் பட்டியல், ஆறு மாதச் சேமிப்பு விவரம் எல்லாம் கணினியில் தயார். புதன்கிழமை மத்தியானம் பிரிண்ட் கொடுத்தால் வரவில்லை. மறுபடி கொடுத்தார் கணக்காளர் தங்கை. மறுபடியும் வரவில்லை. சாயங்காலம் எங்களுக்குப் போன். "அக்கா, நான் ஒன்னுமே தொடலக்கா. அதுவா நின்னு போச்சு" என்று அழாத குறை.

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டிருக்கிறார்கள். "இது லினக்ஸும்மா. இதுல பிரிண்டர் எல்லாம் சரிப்பட்டு வராது. கொண்டாந்து குடுங்க, ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார் கடைக்காரர். தலைவி அம்மாவும் பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்ற ஆள் பார்த்துவிட்டார். நாங்கள் போனில் கேட்ட முதல் கேள்வி, "கணக்கு எல்லாம் வேற எங்கயாவது காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?" பதில் இல்லை. நான்கு வருடக் கணக்கு அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது. ஃபார்மட் என்றால் சிலேட்டைத் துடைப்பது மாதிரி. பிரிண்டரும் ஓடும், கணக்கும் ஓடிப் போயிருக்கும்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். விஷயம் இவ்வளவுதான்: அலுவலகத்தைக் கூட்டும்போது பிரிண்டர் கேபிள் நழுவியிருக்கிறது. கணினி பிரிண்டரைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், "நிறுத்தி வைப்பு" என்று ஒரு குறி போட்டுவிட்டது. பிறகு யாரோ கேபிளைச் சரியாகச் செருகிவிட்டார்கள். ஆனால் அந்தக் குறியை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் எடுத்தோம். பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். 22 பக்கம் முடிந்தது, நிற்கவில்லை. திரும்பவும் முதல் பக்கம். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தங்கை பதட்டத்தில் 14 தடவை பிரிண்ட் கொடுத்திருக்கிறார். 14 தடவை 22 பக்கம், 308 தாள்! ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அறுபது தாளுக்கு மேல் போய்விட்டது. காத்திருக்கும் வேலைகளை முதலில் ரத்து செய்துவிட்டு அப்புறம்தான் ஓட விட்டிருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கப் போன நாங்களே அதை மறந்தோம்.

லினக்ஸ் எப்படி நம்ம அலுவலகத்துக்கு வந்தது?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. நம்ம பழைய பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது. புதுப் பெட்டி வாங்கக் கூட்டமைப்பில் பணம் இல்லை. அதனால் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டோம். இதற்கு விலை இல்லை. செயல்படும் விதம் எல்லோர் பார்வைக்கும் திறந்தே இருக்கும். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நம்ம நாட்டில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மையம் செய்த 'பாஸ்' என்பதும் லினக்ஸ்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இப்படித் திறந்த மென்பொருள் வேண்டும் என்று ஒருவர் கிளம்பியதற்கே ஒரு பிரிண்டர் முக்கியக் காரணம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிறுவனத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தார். அங்கே பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால், காத்திருப்பவர்களின் கணினிக்குத் தகவல் போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980 வாக்கில் செராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரிண்டர் வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் நிரல் பூட்டிய பெட்டி. கேட்டும் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் அவர் மனதில் நின்றது. 1983-ல் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். இன்று நம்ம உபுண்டுவின் பல பகுதிகள் அந்த வழியில் வந்தவைதான். தாள் சிக்கியதற்கு நாம் மட்டும் கோபப்படவில்லை பாருங்கள்!

சேமிப்புப் பணம் எங்கே நின்றது என்று தேடுகிற மாதிரி

ஒரு உறுப்பினர் 200 ரூபாய் சந்தா கட்டினேன் என்கிறார். வங்கி பாஸ் புத்தகத்தில் ஏறவில்லை. உடனே குழுவைக் கலைத்துவிட்டுப் புதுக் குழு ஆரம்பிப்போமா? மாட்டோம். உறுப்பினர் பாஸ் புத்தகத்தைப் பார்ப்போம். அதில் இருந்தால் குழுப் பேரேடு. அதிலும் இருந்தால் ரொக்கப் புத்தகம். பிறகு வங்கிச் சலான். எந்த இரண்டு புத்தகத்துக்கு நடுவில் காணாமல் போனதோ, தவறு அங்கே.

பிரிண்டும் அப்படித்தான். எழுத்து நாம் தட்டிய கோப்பிலிருந்து கிளம்புகிறது. வரிசையில் போய்க் காத்திருக்கிறது. 'டிரைவர்' அதைப் பிரிண்டருக்குப் புரிகிற பாஷையாக மாற்றுகிறது. கேபிள் வழியாகப் போகிறது. பிரிண்டர் தாளில் அடிக்கிறது. எங்கே நின்றது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கணினியைத் தொடவே வேண்டாம். நம்ம அலுவலகத்தில் இருப்பது பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்த மெஷின். கண்ணாடி மேல் ஒரு தாளை வைத்து ஜெராக்ஸ் பட்டனை அழுத்துங்கள். நகல் நன்றாக வந்தால் மை, ரோலர், தாள் எல்லாம் சரி. கோளாறு கணினிப் பக்கம் அல்லது கேபிளில். நகலே வரவில்லை என்றால் லினக்ஸைத் திட்டிப் பயன் இல்லை, மெஷினைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தாலே கடைக்காரரிடம் தைரியமாகப் பேசலாம்.

அடுத்து, மெஷின் கணினியின் கண்ணுக்குத் தெரிகிறதா? கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பாக ஒரு ஜன்னல் திறக்கும். பயப்படாதீர்கள். அதில் எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து எழுத்தையும் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். கணினியில் செருகியிருக்கும் சாமான்களின் பட்டியல் வரும். இது பார்க்க மட்டும்தான், எதையும் மாற்றாது, அழிக்காது. பட்டியலில் உங்கள் பிரிண்டர் கம்பெனியின் பெயர் இருந்தால் கேபிள் வரை சரி. இல்லாவிட்டால் பிரிண்டர் சுவிட்ச், கேபிள், செருகும் துளை இவற்றைப் பாருங்கள். வேறு துளையில் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு ஊரில் மேசையை ஜன்னல் பக்கம் மாற்றியதிலிருந்து பிரிண்ட் வரவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளை ஒட்டுப்போட்டு இழுத்திருந்தார்கள்.

வைஃபை பிரிண்டர் என்றால் கதை வேறு. நெட் இல்லை என்று கணினியை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைப்போம். பிரிண்டர் அலுவலக வைஃபையிலேயே இருக்கும். இரண்டும் வேறு வேறு வீட்டில் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசிக்கொள்ளும்? இரண்டையும் ஒரே இணைப்பில் போடுங்கள்.

வரிசையில் நிற்கிறதா?

லினக்ஸில் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் மேஸ்திரிக்கு 'கப்ஸ்' என்று பெயர். 1999-ல் முதலில் வெளிவந்தது. ஆப்பிள் கம்பெனியின் விலை உயர்ந்த கணினிகளிலும் இதே மேஸ்திரிதான் என்பது பலருக்குத் தெரியாது. இவரிடம் நேராகப் பேச ஒரு வழி இருக்கிறது. இன்டர்நெட் பார்க்கும் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் எல், ஓ, சி, ஏ, எல், எச், ஓ, எஸ், டி என்று சேர்த்து எழுதி, முக்கால் புள்ளி வைத்து, 631 என்று எழுதி என்டர் தட்டுங்கள். இது நம்ம கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம். நெட் இல்லாவிட்டாலும் திறக்கும்.

அதில் 'பிரிண்டர்ஸ்' என்ற இடத்தில் உங்கள் பிரிண்டர் பெயரை அழுத்துங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'ஐடில்' என்று இருந்தால் சும்மா காத்திருக்கிறது, நல்லது. 'பாஸ்டு' என்று இருந்தால் அதுதான் நம்மை அலையவிட்ட நிறுத்தி வைப்பு. கீழே நிற்கும் வேலைகளைப் பாருங்கள். வேண்டாததை எல்லாம் 'கேன்சல்' செய்யுங்கள். அதற்குப் பிறகு 'மெயின்டனன்ஸ்' என்ற பட்டியலில் 'ரெஸ்யூம் பிரிண்டர்' என்பதை அழுத்துங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால், கணினியில் நுழையும்போது கொடுக்கிற அதே பெயரும் பாஸ்வேர்டும்தான். பிரிண்டரை நிர்வகிக்க அனுமதி உள்ள பெயராக இருக்க வேண்டும். ரத்து முதலில், ஓட்டம் பிறகு. இதை நாங்கள் அறுபது தாள் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

அதே பக்கத்தில் ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் இருக்கலாம். கழற்றி மாட்டும்போதோ, வைஃபைக்கு மாற்றும்போதோ கணினி இரண்டாவது பெயர் போட்டுக்கொள்ளும். நாம் அனுப்புவது பழைய பெயருக்கே போய்க்கொண்டிருக்கும். எதில் 'ஐடில்' என்று இருந்து சோதனைத் தாள் வருகிறதோ, அதைப் பிரதானமாக வைத்துவிட்டு மற்றதை நீக்கிவிடலாம்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு, அப்டேட் போட்ட பிறகு நின்னுடுச்சு" என்பதும் அடிக்கடி கேட்கிற புகார். இதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. எச்.பி. லேசர்ஜெட் 1018, 1020 மாதிரியான சின்ன பிரிண்டர்கள் தங்களுக்கு வேண்டிய உள் நிரலை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சுவிட்ச் போடும் ஒவ்வொரு தடவையும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். எச்.பி. மென்பொருளில் அந்த நிரல் 'பிளக்-இன்' என்ற தனி இணைப்பாக வருகிறது. மென்பொருள் எந்தப் பதிப்போ, இணைப்பும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். அப்டேட்டில் மென்பொருள் மட்டும் மாறி இணைப்பு பழசாக நின்றுவிட்டால் பிரிண்டர் மௌனமாகிவிடும். நெட் இருக்கும்போது அதே கறுப்பு ஜன்னலில் எச், பி, மைனஸ் கோடு, பி, எல், யு, ஜி, ஐ, என் என்று இடைவெளி இல்லாமல் தட்டினால் புது இணைப்பை இறக்கிக்கொள்ளும். பிறகு பிரிண்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

பிரிண்டர் மேல் பழி, தவறு வேறு இடத்தில்

விளக்கு மினுக்குகிறது, தாள் உள்ளே இருக்கிறது, ஆனாலும் தாள் கேட்கிறது. அல்லது பக்கத்தின் அடியில் தலைவி, செயலாளர் கையெழுத்து போடும் இடம் மட்டும் வெட்டுப்படுகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. கணினி அமெரிக்காவில் பயன்படுத்தும் 'லெட்டர்' அளவுத் தாளை நினைத்துக்கொண்டிருக்கிறது. லெட்டர் 216-க்கு 279 மில்லிமீட்டர். நம்ம ஏ4 தாள் 210-க்கு 297. செட்டிங்ஸில் பிரிண்டர் விவரத்திலும், நாம் தட்டும் கோப்பிலும், இரண்டு இடத்திலும் ஏ4 என்று மாற்ற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் மாற்றினால் மறுபடியும் வரும். கையெழுத்து இடம் இல்லாத தீர்மான நகலை வங்கியில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஒரு நாள் கூலி போகும்.

இன்னொன்று, தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகவோ புரியாத ஆங்கில எழுத்தாகவோ வருவது. பழைய தீர்மானப் படிவங்கள் பல, பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். திரையிலேயே அப்படித் தெரிந்தால் பிரிண்டர் மேல் குற்றம் இல்லை. ஒருங்குறியில், அதாவது யுனிகோடில், ஒரு தடவை மாற்றித் தட்டி வைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். அவசரத்துக்கு, எழுத்துரு உள்ள கணினியில் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவந்து பிரிண்ட் எடுங்கள்.

பிரிண்ட் வருது, ஸ்கேன் வரல

இதுதான் எங்களை அதிகம் கவலைப்பட வைத்த விஷயம். போன வருடம் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று 38 உறுப்பினர்களின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வேறு வேலையாக அதே கடைக்குப் போனோம். திரையில் நம்ம குழுவின் பெயர் போட்ட ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. வருகிறவர், போகிறவர் எல்லோரும் உட்காரும் கணினி அது. கடைக்காரர் கெட்டவர் இல்லை, அழிக்க மறந்துவிட்டார். கேட்டதும் அழித்துக் கொடுத்தார், குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னோம். ஆனால் அந்த ஒரு வாரத்தில் யார் பார்த்தார்கள், யார் எடுத்தார்கள்? நம்மை நம்பிக் கொடுத்த காகிதம். நம்ம அலுவலகத்தில், நம்ம கணினியில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

மெஷின் ஒன்றாக இருந்தாலும், லினக்ஸில் பிரிண்டுக்கு ஒரு வழி, ஸ்கேனுக்கு இன்னொரு வழி. பிரிண்டுக்குக் கப்ஸ் என்றால் ஸ்கேனுக்கு 'சேன்'. அதனால் பிரிண்ட் வருகிறது என்பதற்காக ஸ்கேனும் வரும் என்று சொல்ல முடியாது. கறுப்பு ஜன்னலில் எஸ், சி, ஏ, என், ஐ, எம், ஏ, ஜி, இ என்று சேர்த்துத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் கோடு, அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் எல் என்று தட்டுங்கள். சேனுக்குத் தெரிந்த ஸ்கேனர்களைச் சொல்லும். சில நேரம் கணினியின் கேமராவையும் ஸ்கேனர் என்று சொல்லும், ஏமாந்துவிடாதீர்கள்.

ஸ்கேனர் பெயர் வந்தும் 'டாக்குமெண்ட் ஸ்கேனர்' திறந்தால் எடுக்கவில்லையா? வேறு ஏதாவது ஸ்கேன் மென்பொருள் பின்னால் திறந்திருக்கிறதா பாருங்கள். பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் ஸ்கேனர் பிடி கொடுக்கும். தலைவியின் பெயரில் நுழைந்தால் தெரிகிறது, கணக்காளர் பெயரில் நுழைந்தால் தெரியவில்லை என்றால் அது கோளாறு இல்லை, அனுமதி இல்லை. நிர்வாகி பெயரில் நுழைந்து கணக்காளரை 'ஸ்கேனர்' என்ற பயனர் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு அவர் வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் அது செல்லும். குழுவில் சேராமல் கடன் கேட்டால் கிடைக்குமா? கணினியிலும் அதே சட்டம்தான்!

ஸ்கேன் கிடைத்த சந்தோஷத்தில் தங்கைகள் செய்கிற இன்னொரு காரியம், தரத்தை 600-ல் வைப்பது. ஒரு ஏ4 தாளைக் கலரில் 300-ல் எடுத்தால் சுருக்காத நிலையில் சுமார் 26 எம்.பி. 600-ல் வைத்தால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. நீளத்திலும் அகலத்திலும் புள்ளிகள் இரட்டிப்பாவதால் அப்படி. பழைய பெட்டி திணறி நின்றுவிடும், நாம் ஸ்கேனர் கெட்டுப்போச்சு என்போம். காகிதங்களுக்கு 'டெக்ஸ்ட்' வகையில் 150 போதும். எழுத்து பொடியாக இருந்தால் 300.

புதுசு வாங்கும்போது

கடையில் "லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்டால் யோசிக்காமல் ஓடும் என்பார்கள், அல்லது ஓடாது என்பார்கள். அட்டைப்பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆப்பிள் 2010-ல் கொண்டுவந்த முறை அது. அந்த முறையில் ஓடும் பிரிண்டர்களில் பெரும்பாலானவை இன்றைய லினக்ஸில் தனி டிரைவர் இல்லாமலே ஓடும். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டிவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

நம்ம அலுவலகத்தில் இப்போது பிரிண்டர் பக்கத்தில் 40 பக்க நோட்டு ஒன்று கயிற்றில் தொங்குகிறது. முதல் பக்கத்தில் பிரிண்டரின் மாடல் எண், உபுண்டு பதிப்பு, 631 பக்கத்தைத் திறக்கும் வழி. அடுத்த பக்கத்திலிருந்து தேதி, என்ன கோளாறு, எங்கே நின்றது, யார் சரி செய்தார் என்று எழுதுகிறார்கள். நாங்கள் போனபோது நான்கு பதிவு இருந்தது. மூன்றில் சரி செய்தவர் இடத்தில் கணக்காளர் தங்கையின் கையெழுத்து. நான்காவதில் தலைவி அம்மாவின் கையெழுத்து: "கேபிள். நானே மாட்டிட்டேன்." கணக்குகளின் காப்பி இப்போது மாதம் ஒரு முறை பென்டிரைவில் ஏறி, பீரோவில் தீர்மானப் புத்தகத்தோடு இருக்கிறது. வீணான அறுபது தாளின் பின்பக்கத்தில் தலைவி அம்மாவின் பேத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.